பணக்காரக் குழு ஜெயிப்பது தப்பா?

பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடையிலோ கிள்ளான் ஒட்டுக்கடையிலோ உள்ளூர்க் காற்பந்து பேச்சு வந்தால் போதும், பத்து நிமிஷத்துக்குள் அது ஜொகூரில் போய் நிற்கும். "அவன்கிட்ட காசு இருக்கு, நல்ல ஆட்டக்காரனா பாத்து வாங்குறான். உனக்கு ஏன் வயிறு எரியுது?" என்பார் ஒருவர். "காசு இருந்தா லீக்கையே வாங்கிடலாமாண்ணே?" என்பார் தம்பி ஒருவர். தேநீர் ஆறிவிடும், வாக்குவாதம் ஆறாது. இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு. ஜொகூர் டாருல் தாக்சிம், நம் வாயில் ஜேடிதி, 2014-இல் முதன்முறையாக மலேசிய சூப்பர் லீக் வெற்றியாளர் ஆனது. அன்று முதல் 2024-25 பருவம் வரை அந்த இடத்தில் வேறு யாரும் உட்காரவில்லை. தொடர்ந்து 11 பட்டங்கள். 2014-இல் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்த பிள்ளை இப்போது எஸ்.பி.எம். எழுதி முடித்துவிட்டது. அது பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க ஒரே வெற்றியாளர்தான். நம் சிலாங்கூரோ மலேசியக் கிண்ணத்தை 33 முறை தூக்கிய குழு. கடைசியாகத் தூக்கியது 2015-இல். லீக்கில் முதலிடம் பிடித்து இன்னும் அதிக காலம் ஆகிறது, 2010.

இது நம் நாட்டு வியாதி மட்டும் அல்ல. ஜெர்மனியில் பாயர்ன் மியூனிக்கும் 2013 முதல் 2023 வரை 11 பட்டம் வரிசையாக வாங்கியது. 2024-இல் லெவர்குசன் வந்துதான் அந்த வரிசையை நிறுத்தியது.

சரி, ஜேடிதி செய்த குற்றம் என்ன? யோசித்துப் பார்த்தால், ஒன்றுமில்லை. 1991-க்குப் பிறகு ஜொகூர் காற்பந்து பெரிதாகப் பேசப்படாமல் கிடந்தது. 2012-இல் ஜொகூர் இளவரசர் துங்கு இஸ்மாயில் மாநிலச் சங்கத்தின் தலைமைக்கு வந்தார். மறு வருஷம் ஜேடிதி என்ற பெயர் வந்தது. 2015-இல் ஏ.எஃப்.சி. கிண்ணத்தை வென்றார்கள். மலேசியக் குழு எதுவும் அதற்கு முன் அதைச் செய்ததில்லை. 2020-இல் இஸ்கண்டார் புத்ரியில் புது அரங்கம் திறந்தார்கள். பயிற்சி மையம், இளையோர் அணிகள், ஒழுங்கான நிர்வாகம் எல்லாம் இருக்கிறது. ஜேடிதியைப் பற்றி மற்றக் குழு ரசிகர்கள் என்னென்னமோ சொல்வார்கள். ஆனால் ஆட்டக்காரருக்குச் சம்பளம் தரவில்லை என்று சொல்பவரை நான் பார்த்ததில்லை. ஆக, அந்த முதல் அண்ணன் சொன்னதை அவ்வளவு லேசாகத் தள்ள முடியாது. உழைத்து, திட்டம் போட்டு, காசு இறக்கி ஜெயிக்கிறவனைப் பார்த்து "நீ ஏன் இவ்வளவு நல்லா இருக்கே?" என்று கேட்பது அறம் ஆகாது. அது பொறாமை.

ஆனாலும் தம்பிக்கு ஏதோ உறுத்துகிறது. அந்த உறுத்தலுக்குச் சரியான பெயர் தேட வேண்டும்.

மகாபாரதத்தில் அஸ்தினாபுரத்து அரங்கக் காட்சி எல்லோருக்கும் தெரியும். அர்ஜுனன் வித்தை காட்டி முடித்ததும் கர்ணன் உள்ளே வருகிறான், நானும் செய்வேன் என்கிறான். கிருபர் வில்லைப் பற்றிக் கேட்கவில்லை. உன் குலம் என்ன, எந்த நாட்டு அரசன் நீ என்று கேட்கிறார். அரச குமாரன் சமமானவனோடுதான் மோதுவான், அதுதான் விதி. கர்ணன் தலை குனிகிறான். உடனே துரியோதனன் அங்க நாட்டைத் தூக்கிக் கொடுத்து அவனை அரசனாக்குகிறான். இதை நட்பின் பெருமை என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். வேறு மாதிரியும் பார்க்கலாம். கர்ணனிடம் திறமை இருந்தது, நுழைவுச் சீட்டு இல்லை. சீட்டை வாங்கிக் கொடுத்தவனுக்கு அவன் ஆயுள் முழுக்கக் கடன்பட்டான்.

நம் மாநிலக் குழுக்கள் பல காலமாக இப்படித்தான் இருந்தன. மந்திரி பெசார் சங்கத் தலைவராக இருப்பார், மாநில நிறுவனங்கள் பணம் கொடுக்கும். ஆட்சி மாறினால் குழுவின் தலையெழுத்தும் மாறும். பிறகு குழுக்கள் சங்கத்திலிருந்து பிரிந்து நிறுவனங்களாக ஆக வேண்டும் என்ற விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் நிறுவனம் என்று பலகை மாட்டிவிட்டால் வருமானம் தானாக வந்துவிடுமா? 2018-இல் தெலிகோம் மலேசியாவோடு 8 வருஷத்துக்கு 48 கோடி ரிங்கிட் ஒப்பந்தம் என்று தாரை தப்பட்டையோடு அறிவித்தார்கள். மறு வருஷமே அது முறிந்தது. அந்தக் காசை நம்பி வரவு செலவு போட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பணக்காரனைப் பார்த்துக் கோபப்படுகிறோம். அவனைத் துரத்திப் பிடிக்க, இல்லாத காசைச் செலவு செய்கிறவனை ஏனோ கேட்பதே இல்லை.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஒரு தாக்குதல் ஆட்டக்காரர் இருக்கிறார். நேர்மையான குழு ஒன்று, "எங்களால் மாதம் 8,000 ரிங்கிட்தான் முடியும்" என்கிறது. இன்னொரு குழுவுக்கும் வசதி அவ்வளவுதான், ஆனால் "15,000 தருகிறோம்" என்று கையெழுத்துப் போடுகிறது. ஆட்டக்காரர் எங்கே போவார்? பெரிய தொகைக்குத்தான். அவரும் குடும்பஸ்தர், ஆடும் வயதோ கொஞ்ச வருஷம்தான். அவர் அங்கே போய்க் கோல் அடிக்கிறார், அந்தக் குழு ஜெயிக்கிறது, புள்ளி ஏறுகிறது. நேர்மையாகச் சொன்ன குழு தோற்கிறது. ஐந்தாம் மாதம் சம்பளம் வரவில்லை. ஆறாம் மாதமும் இல்லை. ஊழியர் சேமநிதிக்கும் பணம் கட்டவில்லை. ஆனால் அவர் அடித்த கோல் பட்டியலில் அப்படியே இருக்கிறது! அந்த வெற்றிக்கான செலவை யார் கொடுத்தது? ஆட்டக்காரரின் வீட்டுக் கடன், மனைவியின் நகை, பிள்ளையின் டியூஷன் காசு.

நடுவருக்கு லஞ்சம் கொடுத்தால் மோசடி என்கிறோம். ஆட்டக்காரனின் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு அவனை வைத்தே ஜெயித்தால் அதை "நிதி நெருக்கடி" என்கிறோம். எனக்கு இரண்டும் ஒரே ரகம்தான். சொல்லப்போனால் இரண்டாவது இன்னும் மோசம். அதில் ஏமாறுபவர்கள் இரண்டு பேர்: உழைத்தவன் ஒருவன், வரவுக்குள் செலவு செய்த எதிராளி இன்னொருவன்.

விளைவை இப்போது பார்க்கிறோம். 2022 முடிவில் மலாக்கா யுனைடெட்டுக்கும் சரவாக் யுனைடெட்டுக்கும் அடுத்த பருவத்துக்கான உரிமம் கிடைக்கவில்லை. 2025-26 பருவம் தொடங்கும்போது கெடா, பேரா, பகாங் என்று மூன்று பெரிய பெயர்கள் சூப்பர் லீக்கில் இல்லை. கெடா யார்? 2007-லும் 2008-லும் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் அடுத்தடுத்து வாரிக்கொண்டு போன குழு. பகாங் அதே 2025 ஏப்ரலில் மலேசியக் கிண்ண இறுதியாட்டம் ஆடியது, ஜேடிதிக்கு எதிராக. இறுதியாட்டம் ஆடிய குழு அடுத்த பருவத்தில் இல்லை. இப்படி நடந்தால் ஜெயித்தவனுக்குத்தான் அதில் என்ன பெருமை?

இன்னொரு குழுவின் கதையை நம் இளைஞர்கள் மறக்கக் கூடாது. மீஃபா, அதாவது மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம், தன் குழுவை எஃப்.ஏ.எம். லீக் என்ற கீழ்த்தட்டிலிருந்து ஏற்றிவந்தது. 2016-இல் அந்த லீக்கை வென்றார்கள். 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரோடு சூப்பர் லீக்குக்கே வந்துவிட்டார்கள். சந்தோக் சிங், 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, மேல்தட்டு லீக்கில் நம் பிள்ளைகளை மறுபடி பார்ப்பது எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசிப் பருவத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் இல்லாமல் உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்தே ஆடினார்கள். 2022 முடிந்ததும் விலகிவிட்டார்கள். நான்கே பருவங்கள். கெலானா ஜெயா அரங்கில் காலி நாற்காலிகள் எத்தனை இருந்தன என்பதை நாமும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். பேசுவதற்கு ஆயிரம் பேர், டிக்கெட் எடுக்க நூறு பேர் என்றால் எந்தக் குழு நிற்கும்?

"அப்படின்னா ஐ.பி.எல். மாதிரி செஞ்சிடலாம்" என்பார்கள். அங்கே ஏலத்தில் எல்லாக் குழுவுக்கும் ஒரே தொகைதான். 2025 பருவத்துக்கான ஏலத்தில் ஆளுக்கு 120 கோடி ரூபாய். முதலாளி எவ்வளவு பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும் அதற்கு மேல் ஒரு காசு போட முடியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐ.பி.எல்.-இல் கீழே இறங்குவதும் இல்லை, மேலே ஏறுவதும் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்குள் சமத்துவம், வெளியே இருப்பவனுக்குக் கதவே கிடையாது. அப்படி ஒரு லீக் இங்கே இருந்திருந்தால் மீஃபா எஃப்.ஏ.எம். லீக்கிலேயே கிடந்திருக்கும். கிருபருடைய விதியும் அதுதானே: சமமானவனோடுதான் மோதுவேன். சமத்துவம் என்ற பெயரில் கர்ணனை வெளியே நிறுத்துகிற வேலை. இந்தச் சமத்துவம் எனக்கு வேண்டாம். கதவு திறந்திருக்கட்டும், ஆனால் உள்ளே வந்தவன் பட்டினி கிடக்காமல் இருக்க ஏற்பாடு வேண்டும்.

அதற்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. இங்கிலாந்து லீக்கில் 1983 வரை, சொந்தத் திடலில் ஆடும் குழு டிக்கெட் வசூலில் ஒரு பங்கை விருந்தாளிக் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். அதைத் தர்மம் என்று யாரும் நினைக்கவில்லை. அரங்கம் நிறைந்ததற்கு எதிரே வந்து ஆடியவனும் காரணம், அவன் பங்கு அவனுக்கு. பெரிய குழுக்கள் "எங்க வசூல் எங்களுக்கே" என்று கேட்டு அந்த வழக்கத்தை எடுத்தார்கள். அது எடுபட்டபோது போனது வெறும் காசு இல்லை என்று நினைக்கிறேன். ஓட்டப்பந்தயத்தில் தனியாக ஓடியும் நேரத்தை அளக்கலாம். காற்பந்தில் தனியாக ஆட வழியே இல்லை. எதிராளி என்பவன் ஆட்டத்தில் பாதி. அவன் மெலிந்தால் நம் வெற்றியும் மெலிகிறது. ஜேடிதி ரசிகர்களே சில இரவுகளில் 6-0, 7-0 ஆட்டம் பார்த்துக் கொட்டாவி விடுவதில்லையா?

"காசில்லாமலும் ஜெயிக்கலாம், 2021-ஐ பாருங்க" என்று கோலாலம்பூர் ரசிகர் யாராவது இந்நேரம் கை தூக்கியிருப்பார். உண்மைதான். 2021 நவம்பர் 30, புக்கிட் ஜாலில், மலேசியக் கிண்ண இறுதியாட்டம். கோலாலம்பூர் சிட்டி 2-0 என்று ஜேடிதியை வென்றது. சஃப்ரி யாஹ்யா ஒன்று, பாவுலோ ஜோசுவே ஒன்று. 32 வருஷத்துக்குப் பிறகு தலைநகருக்குக் கிண்ணம் வந்தது. அந்த இரவு பொய்யில்லை. ஆனால் ஒரு ராத்திரி எதுவும் நடக்கலாம், கிண்ணத்தின் அழகே அதுதான். லீக் என்பது மாதக்கணக்கில் ஓடுவது. அதில் காயம் பட்டவனுக்கு மாற்று ஆள் வேண்டும், மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டும். அதே கோலாலம்பூர் சிட்டியும் பிறகு சம்பளப் பாக்கிச் செய்திகளில் அடிபட்டது.

எனவே என் பதில் இது. பணக்காரக் குழு ஜெயிப்பது தப்பில்லை. கொடுக்க முடியாத சம்பளத்தை வாக்குக் கொடுத்து ஜெயிப்பது தப்பு. அப்படி வந்த புள்ளிகளைப் பட்டியலில் வைத்திருப்பதும் தப்பு. ஜெயிக்கிறவன் எதிராளியின் பங்கை மறந்துவிடுவது, சட்டப்படி இல்லை என்றாலும், ஒரு குறை.

நாம் லீக்கை நடத்துகிறவர்கள் அல்ல. ஆனால் கோயில் இளைஞர் பிரிவும் நம் கிளைகளும் கிள்ளானிலும் செந்தூலிலும் பூச்சோங்கிலும் வாரக் கடைசியில் காற்பந்துப் போட்டி நடத்துகின்றன. முதல் பரிசு 5,000 ரிங்கிட் என்று பதாகை அடித்துவிட்டால் என்ன நடக்கும் என்று ஏற்பாட்டுக் குழுவில் இருந்த யாருக்கும் தெரியும். ஒரு நாள் கூலிக்கு ஆட்டக்காரர்களைக் கூட்டிவரும் அணி வரும். நம் கிளைப் பிள்ளைகள் காலை 9 மணி ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கி, 10 மணிக்கு நாசி லெமாக் பொட்டலத்தோடு மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களின் முகம் அடுத்த வருஷம்தான் மறுபடி தெரியும்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள். முதல் பரிசை 1,000 ரிங்கிட் ஆக்கலாமா? ஆட்டக்காரர் பட்டியலை மூன்று மாதம் முன்பே பதிந்து, அந்தந்த வட்டாரப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைக்கலாமா? மிச்சமாகும் 4,000 ரிங்கிட்டில் தூரத்திலிருந்து வரும் அணிகளுக்கு வேன் வாடகையும், காலணி இல்லாத பையன்களுக்குக் காலணியும் கொடுக்கலாமா? "பரிசு கம்மின்னா அணி வராது" என்று பொருளாளர் சொல்வார். எத்தனை அணி வராது, எந்த அணி வராது என்று அவரிடமே கேளுங்கள்.