எச்சிலும் காசமும்

எச்சில் துப்புவதைத் தடுக்கக் காசநோயைக் காட்டி அச்சுறுத்துவது சரியா? நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த அச்சம் யார் மேல் போய் விழுகிறது என்று பார்த்தால், சரியென்று சொல்ல மனம் வராது.

1882இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த பிறகு, காய்ந்த கோழை தூசியாகி மூச்சில் ஏறுகிறது என்று பலரும் நம்பினார்கள். நியூயார்க் நகரம் 1896இல் பொது இடங்களில் துப்பத் தடை விதித்தது அந்த நம்பிக்கையில்தான். 1950களில் பால்டிமோரில், காசநோயாளிகள் இருந்த வார்டின் காற்றை மட்டும் கினிப்பன்றிகளின் கூண்டுகளுக்குச் செலுத்தினார்கள். அவற்றுக்கும் நோய் தொற்றியது. இருமும்போதும் பேசும்போதும் வெளிவரும் நுண்துளிகள் அடைத்த அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். நோய் பரவும் முதன்மையான வழி அதுதான். தரையில் விழுந்த கோழை பெரும்பாலும் அங்கேயே ஒட்டிக் காய்ந்துவிடுகிறது. வெயில் பட்டால் கிருமி சாகும்.

ஆக, காசமில்லாதவர் வெற்றிலையோ மாவாவோ குதப்பி மாடிப்படி மூலையில் துப்பினால் அதனால் காசம் பரவாது. மெல்லும் பழக்கத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு வேறிடத்தில் இருக்கிறது. நாள் முழுதும் காறித் துப்பிப் பழகியவருக்குப் புதிதாக வந்த இருமல் உறைப்பதில்லை. கோழையில் கலந்த இரத்தம் வெற்றிலைச் சிவப்பில் தெரியாமலே போகலாம். பரிசோதனை தள்ளிப்போகும் அத்தனை நாளும் வீட்டிலுள்ளவர்கள் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

பயமுறுத்தினால்தான் கேட்பார்கள் என்ற வாதம் உண்டு. துப்புகிறவர் தனக்குக் காசம் இல்லையென்று நினைப்பவர், அவர் அஞ்சுவதில்லை. அஞ்சுவது நோயாளி. தட்டும் டம்ளரும் தனியாகிவிடும், வாடகை வீடு போய்விடும், மகளுக்கு வரன் தட்டிப்போகும் என்று இருமலையே மறைக்கிறார். 1956இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. சானடோரியத்துக்கு அனுப்பப்பட்டவர்களின் குடும்பத்தாரைவிட, மருந்து சாப்பிட்டபடி வீட்டிலேயே இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றிவிடவில்லை என்று அது காட்டியது. உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றிய முடிவு அது. ஆனாலும் பல வீடுகளில் தனித் தட்டு இன்னும் போகவில்லை.

துப்பக் கூடாது என்பதற்கு நோயைத் துணைக்கு அழைக்கவே வேண்டாம். அந்தக் கறையைத் தேய்த்துக் கழுவ ஒரு துப்புரவுப் பணியாளர் குனிய வேண்டியிருக்கிறது. துப்புவதைத் தடுக்கச் சுவர் மூலைகளில் சாமிப் படம் போட்ட டைல்ஸ் பதிக்கிறார்கள். சாமி முன் கூசுகிற வாய் அந்தப் பணியாளரை நினைத்துக் கூசாதது கொடுமை.

நோயாளிக்கும் கடமைகள் உண்டு: வாயை மூடி இருமுவது, கோழையை மூடியுள்ள டப்பாவில் துப்புவது, மருந்தை இடையில் நிறுத்தாமலிருப்பது. 2 வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். அங்கே அவர் கூசாமல் வர வேண்டுமென்றால், துப்புகிறவரைக் கண்டிக்கும் வாக்கியத்தில் அவருடைய நோயின் பெயர் இருக்கக் கூடாது.