மேல்தளமும் கீழ்த்தளமும்

நூறு நாட்களுக்கு மேலாக உலகைச் சுற்றிவரும் உல்லாசப் பிரயாணக் கப்பல்கள் இன்று பல உள. அவற்றுட் சில நமது கொழும்புத் துறைமுகத்தையும் தொட்டுச் செல்கின்றன. இக்கப்பல்களிற் செல்ல எண்ணுவோர் முதலில் தீர்க்கவேண்டிய பிரச்சினை, எந்த அறையில் தங்குவது என்பதாகும். கப்பலின் வரைபடத்தை விரித்துவைத்து, எந்தத் தளம், எந்தப் பக்கம், நடுவா முனையா என்று நாட்கணக்காக ஆராய்கின்றனர். பணம் படைத்தோரின் இவ்விவகாரத்தில் நமக்கென்ன அக்கறை என்று வாசகர் கேட்கக்கூடும். ஆயின் சற்று ஊன்றி நோக்குவோமாயின், மனிதர் தமக்குள் இடத்தையும் காற்றையும் ஒளியையும் எவ்வாறு பங்கிட்டுக்கொள்கின்றனர் என்ற பழைய கேள்வியே இங்கும் எழக் காண்போம்.

இக்கப்பல்களின் அறைகளைப் பெரும்பாலும் நான்கு வகையாகப் பிரிப்பர். யன்னல் இல்லாத உள்ளறை முதலாவது. விளக்கை அணைத்தால் அங்கே நண்பகலும் நள்ளிரவும் ஒன்றே. கடலை நோக்கிய யன்னலுள்ள அறை இரண்டாவது. வெளியே நின்று காற்று வாங்க உப்பரிகை உள்ள அறை மூன்றாவது. பல கூடங்கள் கொண்ட மாளிகை போன்ற அறை நான்காவது. சில கப்பல்களில் இந்நான்காம் வகையினருக்கெனத் தனி நீச்சற் குளமும் தனி உணவுச்சாலையும் உண்டு. எல்லோரும் கடப்பது ஒரே கடலைத்தான்; இறங்குவதும் ஒரே துறைமுகங்களில்தான். ஆயினும் அடிமட்ட விலைக்கும் உச்ச விலைக்குமிடையே பன்மடங்கு வேறுபாடு காணப்படுகின்றது.

கடல் இவ்விலைப் பட்டியலை ஏற்றுக்கொள்வதில்லை என்பது கவனிக்கத்தக்கது. அலையில் அகப்பட்ட கப்பல், ஏற்றப்பலகைபோல நடுப்பகுதியை ஆதாரமாகக் கொண்டு முன்னும் பின்னும் எழுந்து தாழ்கிறது. முனைகளிலே ஆட்டம் அதிகம், நடுவிலே குறைவு. பக்கவாட்டில் உருளும்போது மேலே செல்லச் செல்ல அசைவு மிகுகின்றது. எனவே கடல் நோய்க்கு அஞ்சுபவன் நாடவேண்டிய இடம் கீழ்த்தளத்தின் நடுப்பகுதியே. மலிவான அறைகள் பலவும் அங்கேதான் இருக்கின்றன. மேல்தளத்திற் காட்சியும் காற்றும் உண்டு. அவை மெய்யான நன்மைகள்தாம். ஆனால் செலுத்தும் விலையில் ஒரு பகுதி காட்சிக்காகவும் காற்றுக்காகவும் அன்று, பிறருக்கு மேலே இருக்கிறோம் என்ற எண்ணத்துக்காகவே கொடுக்கப்படுகின்றது என்பதை மறுப்பதற்கில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. சில அறைகளின் யன்னலுக்கு நேரே உயிர்காப்புப் படகுகள் தொங்குகின்றன. காட்சி மறைவதால் அவ்வறைகளின் விலை குறைக்கப்படுகின்றது. ஆபத்து வேளையில் உயிரைக் காப்பதற்கென அமைந்த பொருள், சாதாரண வேளையில் அழகைக் கெடுக்கும் இடையூறாக மதிக்கப்படுகிறது. இம்மதிப்பீடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வரலாறு சான்று தருகின்றது.

1912 ஏப்ரல் 14ஆம் திகதி இரவு பனிப்பாறையில் மோதிய டைற்றானிக் கப்பலில் ஏறக்குறைய 2,200 பேர் இருந்தனர். அதிலிருந்த 20 படகுகளில் 1,178 பேருக்கே இடமிருந்தது. சட்டம் அதற்கு மேற் கேட்கவில்லை. பிரயாணிகளின் தொகையைக் கருதாமல் கப்பலின் அளவைக்கொண்டே படகுகளின் எண்ணிக்கையை அது விதித்திருந்தது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். முதலாம் வகுப்பினரில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் தப்பினர். மூன்றாம் வகுப்பினரில் நாலில் ஒரு பங்கினரே தப்பினர். மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிற் பெரும்பாலோர் இறந்தனர். படகுகள் மேல்தளத்தில் இருந்தன; ஏழைகள் கீழ்த்தளங்களில் இருந்தனர். அன்றிரவு அறையின் விலையே பலருக்கு உயிரின் விலையாயிற்று.

இங்கே ஒரு நியாயமான மறுப்பை நாம் எதிர்கொள்ளவேண்டும். அகன்ற கப்பலொன்றில் எல்லா அறைகளுக்கும் யன்னல் வைத்தல் இயலாது. உள்ளே அறைகள் இருந்தே தீரும். யன்னல் வேண்டாம், விலை குறைந்தாற் போதும் என்று ஒருவர் தாமாகவே உள்ளறையை ஏற்பதில் என்ன அநீதி? ஆயுள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேமித்த ஓர் ஆசிரியர், அவ்வறை இருப்பதனாலேயே உலகைக் காணவும் கூடும். இது சரியான வாதமே. அவர் விரும்பியே தெரிந்தெடுத்தார்; இழந்ததும் காட்சியொன்றே. வேறுபாடுகள் யாவும் அநீதியாகிவிடா.

ஆனால் இவ்வாதம் கப்பலிலுள்ள எல்லோருக்கும் பொருந்துமா? பிரயாணிகளின் வரைபடத்தில் விலை குறிக்கப்படாத அறைகளும் அதே கப்பலில் உள்ளன. நீர்மட்டத்தை ஒட்டியும் அதற்குக் கீழும் அமைந்த சிற்றறைகளில், இருவராகவும் அதற்கு மேலாகவும் சிப்பந்திகள் தங்குகின்றனர். பிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்த அவர்கள், மாதக்கணக்கான ஒப்பந்தத்தில் வாரத்தின் ஏழு நாளும் உழைக்கின்றனர். உப்பரிகை அறையின் படுக்கையைத் தினமும் விரிப்பவன், தன் அறையிற் சூரியனைக் காண்பதில்லை. அவனுக்கும் தெரிவு உண்டென்பார்கள். கீழ்த்தளத்துக்கும் ஊரிலுள்ள வேலையின்மைக்கும் இடையிலான தெரிவை, உள்ளறைக்கும் உப்பரிகைக்கும் இடையிலான தெரிவோடு ஒப்பிடல் தகுமா?

இது புதிய கதையன்று. பிரித்தானியப் பேரரசின் நீராவிக் கப்பல்களில் நெருப்புக்கு முன் நின்று கரி தள்ளிய லஸ்கர் எனப்பட்ட இந்திய மாலுமிகளுக்கு, ஐரோப்பிய மாலுமிகளிலும் குறைந்த கூலியே கிடைத்தது. படுப்பதற்குக் குறைந்த இடமே போதுமென்று சட்டமும் கருதியது. இன்று சட்டம் முன்னேறியிருக்கிறது. 2006இல் உருவாகி 2013 ஓகஸ்ட் மாதம் நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் சர்வதேச உடன்படிக்கை, 24 மணி நேரத்திற் குறைந்தது 10 மணி நேர ஓய்வை வலியுறுத்துகிறது. இது ஒரு வெற்றியே. எனினும் ஒரே நாளில் 14 மணி நேரம் வேலை வாங்க அது இடமளிக்கிறது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

2020 பெப்ரவரியில் யப்பானின் யொக்கோகாமாத் துறைமுகத்தில் டயமண்ட் பிரின்சஸ் என்ற கப்பல் கொரோனாத் தொற்றினால் தடுத்து நிறுத்தப்பட்டது. அதில் 3,711 பேர் இருந்தனர். எழுநூறுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். உப்பரிகையுள்ளோர் அறையிலிருந்தே கடற்காற்றைப் பெற்றனர். உள்ளறையினர் முறைவைத்துச் சிறிது நேரம் மேல்தளத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். பிரயாணிகள் அறைகளுக்குள் ஒதுங்கியிருக்க, சிப்பந்திகளோ உணவு சமைத்தும் பரிமாறியும், இரவிலே பகிர்ந்த அறைகளிற் படுத்தும் நாட்களைக் கழித்தனர். ஒதுங்கியிருத்தலே பாதுகாப்பென்று கூறப்பட்டபோது, அப்பாதுகாப்பு அவர்களுக்கு முழுமையாக அளிக்கப்படவில்லை.

இவற்றிலிருந்து ஓர் அளவுகோலை நாம் பெறலாம். காட்சி, விரிவு, அலங்காரம் ஆகியவற்றை விலைக்கு விடலாம், வேண்டியவர் வாங்கட்டும். காற்று, உறக்கம், ஓய்வு, உயிர்ப் பாதுகாப்பு ஆகியவற்றை அவ்வாறு விலைக்கு விடலாகாது. அவை கப்பலில் உள்ள அனைவருக்கும் உரியவை. பணம் கொடுத்தவனுக்கும் கூலி பெறுபவனுக்கும் பொதுவானவை. இந்த எல்லையைத் தாண்டும்போதே வேறுபாடு அநீதியாக மாறுகின்றது.

அறையைத் தெரிவுசெய்யும் தனிமனிதர் என்ன செய்யலாம்? யன்னலறையை மறுத்துவிட்டால் கீழ்த்தளத்தில் யன்னல் தோன்றிவிடாது. ஆனால் தமது அறையைப் பற்றி நூறு கேள்வி கேட்பவர், அதைத் துப்புரவு செய்பவர் எங்கே உறங்குகிறார், எத்தனை மணி நேரம் உறங்குகிறார் என்ற கேள்வியையும் கேட்கலாம். கேட்போர் பெருகினால் மறைத்தல் அரிதாகும். அதற்கு மேல் வேண்டியவை தொழிலாளரின் ஒற்றுமையும் சட்டமுமே. டைற்றானிக்கின் பின்னர், 1914இல் இலண்டனிற் கூடிய நாடுகள், கப்பலிலுள்ள ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புக் கலங்களில் இடம் வேண்டுமென உடன்பட்டன. உலகப் போரினால் அது தடைப்பட்டதாயினும், அக்கொள்கை பின்னர் நிலைபெற்றது. படகில் இடம் என்பதை இன்று எவரும் வகுப்புவாரியாக விற்பதில்லை. விற்க முனைந்தால் உலகம் சகியாது. ஒரு காலத்தில் வீண் செலவென்று கருதப்பட்டது இன்று சாதாரண நீதியாகிவிட்டது. கீழ்த்தளத்து உழைப்பாளியின் உறக்கமும் ஒளியும் அவ்வாறே ஆதல் வேண்டும்.