நிமிர்ந்தது யார்?

ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை மாலையில் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? பங்குச்சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். இயேசு தான் பிடிபட்ட இரவில் சீடர்களுக்குச் செய்ததன் நினைவு அது. புழுதியில் நடந்து வந்தவர்களின் காலைக் கழுவுவது அந்தக் காலத்தில் வேலைக்காரரின் வேலை. அதைக் குருவே செய்தார். காட்டிக்கொடுக்கப் போகிற யூதாஸும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

பேதுருவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. நீங்கள் போய் என் காலைத் தொடுவதா என்று மறுத்தார். பார்த்தால் பணிவு மாதிரித்தான் தெரிகிறது. இயேசு அதை ஏற்கவில்லை. ஏன்? கொடுக்கும்போது நம்ம கை மேலே இருக்கிறது. அது சுகம். அடுத்தவரிடம் வாங்கிக்கொள்ளவும் ஒரு பணிவு வேணும்.

அதனால் பணிவை அளக்க, 'எவ்வளவு குனிந்தேன்' என்று பார்த்தால் போதாது. எதிரே இருப்பவர் நிமிர்ந்தாரா? அதுதான் கணக்கு.

டாக்டர் பால் பிராண்ட் கதையைப் பாருங்கள். 1914-ல் கொல்லிமலையில் பிறந்த மிஷனரி பிள்ளை. 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். உலகமே வியந்த வேலை அது. ஆனால் குணமான சிலர் திரும்பி வந்து குறைப்பட்டார்கள். மடங்கிய கைக்குப் பிச்சை விழுந்தது. நல்ல கைக்கு யார் காசு போடுவார்கள்? நோய் இருந்தவர் என்று யாரும் வேலையும் தரமாட்டேன் என்கிறார்கள்!

'கையைச் சரிபண்ணிக் கொடுத்தேனே, நன்றி இல்லையா' என்று அவர் கோபப்பட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல் காது கொடுத்துக் கேட்டார். மருத்துவம் படிக்குமுன் கட்டட வேலையும் தச்சும் பழகியவர் அவர். 'நவ ஜீவ நிலையம்' என்று ஓர் இடம் உருவானது. அங்கே அவர்கள் தச்சு கற்று, மர பொம்மைகள் செய்து, தங்கள் கையால் சம்பாதித்தார்கள். கத்தி பிடித்த திறமையைவிட, அந்தக் குறையைக் கேட்டுக்கொண்ட பணிவு பெரிசு என்று எனக்குத் தோன்றுகிறது.

வேலூரை விட்டு நம்ம பக்கம் வருவோம். கும்மிடிப்பூண்டி தாண்டினால் எளாவூர். ஆந்திர எல்லைச் சோதனைச்சாவடி உள்ள ஊர். 2020 ஊரடங்கில் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் இந்தக் கொல்கத்தா நெடுஞ்சாலையில்தான் மூட்டையோடு வடக்கே நடந்தார்கள். அப்போது சோறு கொடுத்தவர்கள் உண்டு. கொடுக்கிற கையை போட்டோ எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. இரண்டிலும் பசி ஆறியது, சரி. ஆனால் ஒன்றில் வாங்கினவர் தலை குனிந்தது.

பிறகு ஆலைகள் திறந்தன, பலர் திரும்பி வந்தார்கள். அவர்களை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? 'ஏய்', 'வடக்கன்'. பக்கத்திலேயே நின்று வேலை பார்க்கிறவருக்கு ஒரு பெயர் இருக்குமே, கேட்டோமா? உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு எச்சரிக்கைப் பலகையைப் படிக்கத் தெரியுமா என்று ஒரு சூப்பர்வைசர் யோசித்து, அவர் மொழியிலும் எழுதி வைத்தால், அதுவும் அன்புதான். யாரும் கைதட்ட மாட்டார்கள், வாஸ்தவம். ஆனால் ஒருவர் முழுசாக வீடு திரும்புவார்.