அறியாமற் பரப்பிய பொய் யாருடையது?

பொய்யென்று அறிந்தே ஒன்றைச் சொல்வது குற்றம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. பொய்யென்று அறியாமல், பிறர் சொன்னதை நம்பி, நாமும் நாலு பேருக்குச் சொல்லிவிட்டால் அது குற்றமாகுமா, ஆகாதா? கேள்வி பழையதே. ஆயினும், கைப்பேசி வழியே தேர்தல் பிரசாரம் நடைபெறும் இந்நாளில் அது ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் வந்து நிற்கின்றது. இதை நாம் ஆராயப் புகுந்ததற்குக் காரணம் நமது பிழை ஒன்றே. ஆதலின் அதனை முதலிற் சொல்லிவிடுவோம்.

2024 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், பாராளுமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்ட சமயம். நாம் வாழும் பெங்களூரில், நமது வாட்ஸ்அப்பிற்கு நண்பர் ஒருவர் ஒரு செய்தியை அனுப்பினார். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். ஆதார் அட்டையைக் காட்டி, 'சேலஞ்சு ஓட்டு' என்று கேட்டால் வாக்களிக்க விடுவார்கள் என்பது செய்தி. சட்டப் பிரிவின் எண்ணும் அதில் இருந்தது. நற்செய்தி பலருக்கும் போகட்டுமென்று, படித்த மறுகணமே தெருவாரின் குழுவில் அதனைப் போட்டுவிட்டோம்.

முன்பு நம்மோடு ஆலையில் வேலை செய்த மூதாட்டி ஒருவர் அக்குழுவில் உண்டு. வீடு மாறியதால் அவர் பெயர் பட்டியலில் விடுபட்டிருந்தது. மனுக் கொடுக்க அப்போது அவகாசம் இருந்தது. நமது செய்தியைக் கண்டு அவர் மனுக் கொடாமல் இருந்துவிட்டார். ஏப்ரல் 26 ஆம் நாள் வெயிலில் வரிசையில் நின்றார். பட்டியலில் பெயரில்லாதவர் எந்த அட்டையைக் காட்டினும் வாக்களிக்க இயலாது என்று சொல்லி அனுப்பிவிட்டனர். மாலையில் நம்மைக் கண்டபோது அவர் கோபிக்கவில்லை. "நீ அனுப்பியதாயிற்றே தம்பி, அதனாலேதான் நம்பினேன்" என்றார். சொத்தும் படிப்பும் உடையவருக்கே வாக்கு என்றிருந்த காலத்தில் அவருடைய பாட்டனார் வாக்களித்ததில்லை. 1950 இல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரே அக்குடும்பத்திற்கு வாக்குரிமை கிட்டிற்று. அவ்வுரிமையை நமது ஒரு விரல் ஒரு தேர்தலுக்குப் பறித்துவிட்டது.

நாம் ஆலையில் இருந்த நாட்களில் அபேட்சகர்கள் வாயிற்கூட்டத்தில் வந்து பேசுவர். அங்கும் பொய் உண்டு. ஆனால் அது ஆயிரம் பேர் முன்னிலையிற் சொல்லப்பட்ட பொய்; மறுநாள் மாலை அதே வாயிலில் எதிர்க்கட்சியார் நின்று மறுப்பர்; இரண்டையும் கேட்டு நாம் எடை போடுவோம். இன்றோ பிரசாரம் ஒவ்வொருவரையும் தனியே சந்திக்கின்றது. அண்டை வீட்டாருக்கு வந்தது நமக்குத் தெரியாது. நமக்கு வந்தது அவருக்குத் தெரியாது. பேஸ்புக்கில் இருந்த 8.7 கோடிப் பேர் வரையிலானோரின் விவரங்கள் முறைகேடாகக் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் தேர்தல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குச் சென்றன என்பது 2018 இல் வெளிப்பட்டது. அவருள் இந்தியர் ஏறத்தாழ 5.62 லட்சம் பேர் இருக்கலாமென்று பேஸ்புக்கே கூறிற்று. ஒவ்வொருவரின் ஆசையையும் அச்சத்தையும் அளந்து, அதற்கேற்பச் சொல்லை வார்ப்பதே இத்தகைய முயற்சியின் நோக்கம்.

கண்ணாற் கண்டதும் காதாற் கேட்டதும் இனிச் சான்றாகா. 2024 ஜனவரியில் மறைந்த தலைவர் கருணாநிதியின் உருவமும், அடுத்த மாதம் ஜெயலலிதாவின் குரலும் செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்டுப் பேசின. அவற்றை வெளியிட்டவர் அவரவர் கட்சியினரே. மாண்டவர் பேசவில்லையென்று யாவரும் அறிவர். உயிரோடிருப்பவர் வாயில் பிறர் ஒரு சொல்லை வைத்தால் அதனை எங்ஙனம் அறிவது?

அரசாங்க அமைப்புகள் வாளாவிருக்கவில்லை. 2013 இலேயே தேர்தல் ஆணையம் இவ்வகைப் பிரசாரத்தைத் தன் விதிகளுக்குள் கொணர்ந்தது. போலிப் படங்கள் தம் கவனத்திற்கு வந்த 3 மணி நேரத்திற்குள் கட்சிகள் அவற்றைத் தம் பக்கங்களினின்று நீக்க வேண்டுமென்று 2024 மே மாதம் ஆணையிட்டது. ஆயினும் நண்பர் நண்பருக்கு அனுப்பும் செய்தியின் அருகே காவல் நிற்பது யார்? அனுப்புகிறவரின் மனச்சாட்சி ஒன்றே.

இனி முதற்கேள்விக்கு வருவோம். ஏமாற்றும் எண்ணம் இல்லாதவிடத்து நான்காம் சீலம் கெடுவதில்லை என்று சங்கத்துத் தோழர் ஒருவர் நம்மைத் தேற்றினார். அது சரியே. வினைக்கு எண்ணமே வேர். ஆனால் நமது எண்ணத்தை நாம் உற்று நோக்கியபோது அங்கே வேறொன்று கிடந்தது. இதனை முதலிற் சொன்னவர் நாமே ஆக வேண்டும் என்னும் சிறு பெருமை அது. அதனோடு, விசாரிக்கச் சோம்பிய அசட்டையும் கூடிற்று. தறியில் இழை அறுந்தால், நூல் நூற்றவன் பிழையென்று சொல்லி நெசவாளி ஓட்டிக்கொண்டே இருப்பதில்லை. தறியை நிறுத்துவதே அவன் கடமை. நிறுத்தாவிடின் துணி நெடுகக் குறை ஓடும். ஆகவே நமது முடிவு இது: பொய் அதனைப் புனைந்தவனுடையது, அசட்டை நம்முடையது. மூதாட்டியின் வாக்கைப் பறித்ததில் இரண்டிற்கும் பங்குண்டு.

கருவியைப் பழிப்பதிற் பயனில்லை. பணமில்லாத அபேட்சகரும் இன்று அதன் வழியே ஊராரோடு பேசுகின்றார். அதே கைப்பேசியில் 1950 என்னும் எண்ணை அழைத்திருப்பின், தேர்தல் அலுவலரே நமக்கு உண்மையைச் சொல்லியிருப்பர். ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நாம் கொடுக்கவில்லை.

நாம் அனுப்பியது பொய்யென்று அதே குழுவில் எழுதினோம். சிலர் நகைத்தனர். பின்னர் மூதாட்டிக்காக 6 ஆம் படிவத்தை நிரப்பிக் கொடுத்தோம். பட்டியலில் அவர் பெயர் ஏறிவிட்டது. அடுத்த தேர்தலில் அவர் வாக்களிப்பார். 2024 இல் இழந்த வாக்கை மட்டும் நம்மால் திருப்பித் தர இயலாது.