புழுதியில் விதைத்தவர்கள்

(அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா, இந்திய சுதந்திர தினம் – ஆகஸ்ட் 15. நற்செய்தி: லூக்கா 1:39-56)



திருப்பலி முடிந்ததும் கொடியேற்றுவோம், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்போம். அன்னையின் விண்ணேற்பும் நாட்டின் விடுதலையும் ஒரே நாளில் வருவது நமக்குக் கிடைத்த பேறு. ஆனால் 1947 ஆகஸ்ட் 15 ஒரு போராட்டம் பலன் கண்ட நாள். அந்தப் போராட்டம் தொடங்கிய நாட்களுக்கு நாட்காட்டியில் சிவப்பு எழுத்து கிடையாது. அவற்றில் சில, நம் இராமநாதபுரம் மாவட்டத்து நயினார்கோவிலிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடும் ஊர்களில் விடிந்தவை. இன்றைய நற்செய்தியும் ஒரு தொடக்கத்தைத்தான் நம் முன் வைக்கிறது.

மரியா யூதேய மலைநாட்டுக்கு விரைந்து போகிறார். எலிசபெத்தின் வீட்டில் இரண்டே பெண்கள்: ஒருவர் வயதானவர், இன்னொருவர் இளம்பெண். படையும் இல்லை, பணமும் இல்லை. அங்கே நின்றுகொண்டு மரியா பாடுகிறார்: வலியவர்கள் அரியணையை இழந்தார்கள், எளியவர்கள் மேலே வந்தார்கள், பசித்தவர்களின் வயிறு நிறைந்தது என்று. கடவுள் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டதைப் போலப் பாடுகிறார். உண்மையில் அன்று ஏரோது அரியணையில்தான் இருந்தான். உரோமையின் ஆதிக்கம் அப்படியே இருந்தது. யாரால் இதெல்லாம் நடக்கும் என்று நம்பினாரோ, அந்தப் பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லை.

இந்த நம்பிக்கை நம் வட்டாரத்து விவசாயிக்குப் புரியும். மழை தொடங்குவதற்கு முன்பே மானாவாரி நிலத்தை உழுது, ஈரமே இல்லாத புழுதியில் நெல்லை விதைக்கிறோம். மழை வரட்டும், பிறகு விதைக்கலாம் என்று உட்கார்ந்தவனுக்கு, மழை வந்தும் பயன் இல்லை. மரியாவின் பாடல் புழுதியில் விழுந்த விதை. அவருக்கு முழுப் பலன் எங்கே கிடைத்தது என்பதை இன்றைய பெருவிழா சொல்கிறது. இரண்டாம் வாசகத்தில் பவுலடியார், உயிர்த்த கிறிஸ்துவை இறந்தோரிடமிருந்து வந்த முதற்கனி என்கிறார். அந்த அறுவடையில் சேர்ந்துவிட்ட தாயைத்தான் கொண்டாடுகிறோம்.

நம் மண்ணிலும் அப்படி விதைத்தவர்கள் உண்டு. இராமநாதபுரத்தை ஆண்ட முத்துராமலிங்க சேதுபதி, கிழக்கிந்தியக் கும்பெனியின் அதிகாரத்துக்கு அடங்கிப்போக மறுத்தார். 1795இல் அவரைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறைவைத்தார்கள். 1809இல் சென்னையில் சிறைக்கைதியாகவே இறந்தார். அவர் சிறையில் இருந்தபோது, 1799இல், சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரர் தலைமையில் முதுகுளத்தூர், கமுதி வட்டாரத்து மக்கள் கிளர்ந்தெழுந்து கும்பெனியின் கச்சேரிகளையும் கிடங்குகளையும் தாக்கினார்கள். 1802இல் மயிலப்பனைத் தூக்கிலிட்டார்கள். 1801 ஜூன் 16 அன்று சிவகங்கைச் சீமையின் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயிலிலும் ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியாரையும் இசுலாமியரையும் சேர்த்தே அது போருக்கு அழைத்தது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். 1942 ஆகஸ்டில், திருவாடானைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை, திரண்டு வந்த மக்கள் சிறையை உடைத்து வெளியே கொண்டுவந்தார்கள். சேதுபதியும் மயிலப்பனும் மருதிருவரும் சுதந்திர தினத்துக்கு மிட்டாய் சாப்பிடவில்லை. அவர்கள் தொடங்கினார்கள், பலனை நாம் கண்டோம்.

சகோதரர்களே, இந்தத் தொடக்கத்தை நாம் என்ன செய்துவைத்திருக்கிறோம்? எல்லாரையும் அழைத்த அந்த அறிக்கையை மறந்துவிட்டு, விடுதலை வீரர்களைச் சாதிவாரியாகப் பங்கு பிரித்துக்கொண்டோம். உன் சாதிக்கு இவர், என் சாதிக்கு அவர் என்று சுவரெங்கும் ஃபிளெக்ஸ் கட்டுகிறோம். தியாகிகளின் நினைவு நாட்கள் வரும் செப்டம்பர், அக்டோபர் வந்தால் நம் மாவட்டத்தில் தடை உத்தரவு. ஊருக்காக உயிரைக் கொடுத்தவர்களுக்கு மாலை போடக்கூட நமக்குப் போலீஸ் காவல் தேவைப்படுகிறது.

மதத்தைச் சொல்லியும் தியாகிகளைப் பிரிக்க வேண்டாம். நம் மறைசாட்சி புனித அருளானந்தர் 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டது ஒரு சேதுபதியின் ஆட்சியில்தான். அவர் இரத்தம் சிந்திய அந்தச் செம்மணலை நாம் நெற்றியில் பூசிக்கொள்கிறோம். அதற்காக, நூறு ஆண்டுக்குப் பின் வந்து சிறையில் மடிந்த சேதுபதியை நம்மவர் இல்லை என்று சொல்ல மாட்டோம். தியாகிக்குச் சாதிச் சான்றிதழ் கேட்பவன் அந்தத் தியாகத்தையே புரிந்துகொள்ளாதவன்.

செல்லூரைச் சேர்ந்த இம்மானுவேல் சேகரனையும் நினைப்போம். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றவர். பிறகு இராணுவத்தில் பணியாற்றியவர். வெள்ளையர் போன பிறகும் தன் மக்கள் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லையே என்று தீண்டாமையை எதிர்த்தார். அமைதிப் பேச்சுவார்த்தையில் கலந்துகொண்ட மறுநாள், 1957 செப்டம்பர் 11 அன்று, பரமக்குடியில் கொல்லப்பட்டார். சுதந்திரம் வந்து பத்து ஆண்டு ஆகியிருந்தது. கொடி மாறியது, தெரு மாறவில்லை. நாமும் நல்லவர்களாக வேஷம் போட வேண்டாம். தமிழகத்தில் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டங்களில்கூடச் சாதிச் சுவர் எழுந்தது. ஒரே நற்கருணையை வாங்கிவிட்டு, செத்த பிறகு தனித்தனியே படுக்க இடம் கேட்டோம். மரியாவின் பாடலை மாலை ஜெபத்தில் பாடிக்கொண்டே இதையும் செய்தோம்.

ஆகவே ஒரு வேலை சொல்கிறேன், இன்றைக்கே செய்யக்கூடிய வேலை. சுதந்திர தினத்தில் ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம சபை கூடும். ரேஷன் கடை, ஊருணி, மயானப் பாதை, தெருவிளக்கு, ஊரக வேலைத் திட்டம் எல்லாம் பேச வேண்டிய இடம் அது. டிவியில் சிறப்பு நிகழ்ச்சி பார்க்க வீட்டில் உட்காராதீர்கள். குடும்பத்தோடு போங்கள். பெண்கள் கட்டாயம் போங்கள், வாய்திறந்து பேசுங்கள். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லையோ, அந்தத் தெருக்காரரின் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவருடைய கோரிக்கைக்கு நீங்களும் கை தூக்குங்கள். அது உங்கள் தெருவாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு கூட்டத்தில் எல்லாம் மாறிவிடாது. அடுத்த கிராம சபைக்கும் போங்கள். நம் காலத்தில் முடியாவிட்டால் நம் பிள்ளைகள் தொடரட்டும்.

இறைவா, பலனைக் காணாமலே விதைத்த எல்லாரையும் உம்மிடம் ஒப்படைக்கிறோம். அன்னை மரியாவின் துணிவை எங்களுக்கும் தாரும். எங்கள் வாயில் உள்ள பாடலுக்கு எங்கள் தெருவே சாட்சியாக இருக்கச் செய்யும். ஆமென்.