நோயாளியின் சொல்: ஊவாத் தோட்டங்களும் உளமருத்துவத்தின் அறமும்

ஒருவரது துன்பத்துக்குப் பெயரிடும் உரிமை யாருக்குரியது என்ற வினா உடல் நோய்களைப் பொறுத்தவரை பெரிதும் எழுவதில்லை. காலெலும்பு முறிந்தவனும் அவனைப் பரிசோதிக்கும் வைத்தியரும் ஒரே பொருளையே சுட்டுகின்றனர். உளநோயில் நிலைமை வேறு. அங்கே நோயாளியின் சொல்லே நோய்க்குச் சான்று. சொல் விளங்காதவிடத்து நோயும் விளங்குவதில்லை. இவ்வுண்மை எந்நாட்டுக்கும் பொருந்தும். எனினும், பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் அது மருத்துவ வினாவாக மட்டுமன்றி அறவினாவாகவும் நிற்கின்றது.

பசறைப் பகுதித் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தியைக் கற்பனை செய்து கொள்ளலாம். பல மாதங்களாக அவளுக்கு உறக்கமில்லை, நெஞ்சு படபடக்கின்றது, உடம்பெல்லாம் எரிகின்றது, மலையேறக் கால் வருவதில்லை. தோட்டத்து டாக்டரையா வலிக்கு மாத்திரையும் உடம்புக்குச் சத்து மாத்திரையும் கொடுத்தனுப்புகிறார். மாமியார் கோடாங்கியிடம் குறி கேட்க, மலையில் தனியே நின்ற வேளையில் முனி அடித்துவிட்டது என்று விடை வருகின்றது. கங்காணியின் கணிப்பிலோ அவள் வேலைக்கள்ளி. பிரட்டுக்குப் பிந்தி வந்தமைக்கும் கொழுந்து நிறை குறைந்தமைக்கும் அரைப்பேர் விழுகின்றது. ஈற்றில் கணவன் அவளைப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்கின்றான். வைத்தியர் சிங்களத்தில் வினவுகிறார். கணவன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விடை கூறுகின்றான். அவள் ஒரு சொல்லும் பேசாமலே அவளைப் பற்றிய குறிப்பு எழுதி முடிகின்றது.

டாக்டரையா, கோடாங்கி, கங்காணி, வைத்தியர் ஆகிய நால்வரும் அவளுக்கு நான்கு பெயர்களை இட்டுவிட்டனர். அவர்களுள் கோடாங்கி ஒருவனே அவளை நேர் நிறுத்தி, அவள் மொழியில், அவள் எங்கே நின்றாள், என்ன கண்டாள் என்று கேட்டவன். அவன் கூறிய காரணம் பிழையாகலாம். ஆயினும் கேட்டவன் அவனே. நவீன மருத்துவத்தை நம்புவோர் இவ்விடத்தில் சற்றே வெட்கப்படுதல் தகும்.

மொழிபெயர்த்தவன் கணவன் என்பது சிறிய செய்தியன்று. அவனுடைய குடியே அவளது உறக்கமின்மைக்கு ஒரு காரணமாக இருக்குமாயின், தன்மீதான குற்றச்சாட்டை அவன் எம்மொழியில் பெயர்ப்பான்? திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தின் உறுப்புகளாக நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் ஆகிய நான்கினையே வகுக்கின்றது. மொழிபெயர்ப்பாளன் அவற்றுள் இல்லை. மருத்துவனும் நோயாளியும் ஒரு மொழியினராக வாழ்ந்த சமுதாயத்தில் அத்தேவை எழவில்லை போலும். 1987இல் அரசியலமைப்புக்கான 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றது. 1999இல் பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. படிவத்தைத் தமிழில் அச்சிடுவது எளிது. இரவு மூன்று மணிக்கு விழித்தெழுந்து வாசலில் குந்தியிருப்பதன் பொருளைத் தமிழில் கேட்டறிய ஓர் ஆள் வேண்டும்.

இத்தகைய இடர் ஊவாவுக்கு மட்டும் உரியதன்று. பிரான்ஸ் பனான் 1953இல் அல்ஜீரியாவின் பிளிடா உளநோய் வைத்தியசாலைக்குச் சென்றபோது, ஐரோப்பியப் பெண்களின் விடுதியில் கூட்டங்கள், விழாக்கள், விடுதிப் பத்திரிகை முதலியவற்றின் மூலம் நல்ல பயன் கண்டார். அதே முறை முஸ்லிம் ஆடவரின் விடுதியில் அடியோடு தோற்றது. 1954இல் தம் சகாவான அசுலேயுடன் எழுதிய கட்டுரையில் அத்தோல்வியை அவர் நோயாளிகளின் தலையில் சுமத்தவில்லை. அவர்களது வாழ்க்கை முறையை அறியாமல் ஐரோப்பிய முறையைத் திணித்தமையும், மொழிபெயர்ப்பாளர் வழியே பேச நேர்ந்தமையும் காரணமென்று கண்டார். பின்னர் அவ்விடுதியில் ஒரு காப்பிக்கடை திறக்கப்பட்டது. அம்மக்களின் பண்டிகைகள் கொண்டாடப்பட்டன. நோயாளி மாறவில்லை, வைத்தியசாலை மாறியது.

உடம்பைப் பற்றியே முறையிடும் நோயாளியைக் குறித்தும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். ஆசிய மக்கள் மனத்துயரை உடல் வருத்தமாகவே உணர்வர் என்பது பாடநூல்களில் பெரிதும் பயிலும் கூற்று. ஆர்தர் கிளைன்மன் 1980இல் சீனத்தின் ஹூனான் மாகாணத்தில் நரம்புத் தளர்ச்சி என்று குறிக்கப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து, அவர்களுட் பெரும்பாலோர் மனச்சோர்வு நோய்க்குரிய குறிகளை உடையோர் எனக் கண்டார். கலாசாரப் புரட்சியைக் கடந்து வந்த அச்சமுதாயத்தில் மனத்தின் வேதனையைப் பேசுவது ஆபத்தாக இருந்தது, உடம்பின் வேதனையைப் பேசுவது பிழையன்று என்பதையும் அவர் விளக்கினார். தோட்டத்துக்கும் இது பெரிதும் பொருந்துகின்றது. மனம் சரியில்லை என்று கூறி எந்தத் தொழிலாளியும் லீவு பெற முடிந்ததில்லை. காய்ச்சலும் வயிற்றுவலியுமே அங்குச் செல்லுபடியாகும் நாணயங்கள். ஆகவே, அப்பெண் நெஞ்சு படபடப்பைக் கூறுவது பண்பாட்டின் விந்தையன்று. அலுவலகம் ஏற்கும் மொழியையே அவள் பேசுகின்றாள்.

இவ்விடத்தில் பண்பாடு என்னும் சொல்லின்மேலேயே ஐயம் எழுகின்றது. கணநாத் ஒபயசேகர 1985இல் வெளியிட்ட கட்டுரையொன்று மேலைநாட்டு உளமருத்துவத்தை ஆழமாக வினவியது. வாழ்வு துன்பமயமானது, நம்பிக்கைக்கு இடமற்றது என்று ஒருவன் கூறினால் அமெரிக்க வைத்தியர் அதனை நோய்க்குறி என்பர். இலங்கைப் பௌத்தனுக்கோ அது தத்துவம். துயரம் பண்பாட்டின் பொதுக் கருத்துகளுடன் இணைந்து நோயாகாமலே கரைந்துவிடக் கூடும் என்பது அவருடைய வாதம். வாதம் வலியது. எனினும், அதனை அப்படியே லயத்துக்குப் பெயர்த்தல் தகாது. எல்லாம் தலையெழுத்து என்று தோட்டத்துக் கிழவி கூறும்போது, அது தத்துவமா, வழியடைந்த வாழ்வின் வரலாறா என்று கேட்டாக வேண்டும். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவளை நாடற்றவளாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதி பாதியாக ஏற்கும் உடன்பாடு 1974இல் வந்தது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் புகையிரத நிலையங்களில் தமக்கையை ஏற்றிவிட்டுத் தங்கை நின்றாள். அத்தலையெழுத்து இரண்டு பிரதமர்கள் ஒப்பமிட்ட எழுத்து. அதனை நோயென்று கூறி மாத்திரை கொடுப்பது எவ்வளவு பிழையோ, பண்பாடென்று கூறிக் கைகட்டி நிற்பதும் அவ்வளவு பிழை.

பண்பாட்டை மதித்தல் என்பதைச் சிலர் கோயிலா மாத்திரையா என்னும் பூசலாகச் சுருக்கிவிடுகின்றனர். தோட்டத்து மக்கள் அப்பூசலை அறியார். தொழிற்சாலையின் சுழலும் சக்கரத்துக்கு ரோதைமுனியையும், மலையில் கத்தி பிடிப்போருக்குக் கவ்வாத்துச் சாமியையும் படைத்துக்கொண்ட மக்கள் அவர்கள். வெள்ளிக்கிழமை திருநீறும் செவ்வாய்க்கிழமை ஊசியும் அவர்களிடம் முரண்படுவதில்லை. தமிழகத்தின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 உளநோயாளரைப் பெங்களூர் உளமருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு ஈண்டு நோக்கற்பாலது. பேயோட்டலோ மருந்தோ இன்றி, உறவினர் ஒருவருடன் தங்கிக் கோயிற் பணிகளைச் செய்து சில வாரங்களைக் கழித்தோரின் நோய்க்குறி அளவு ஏறத்தாழ 20 வீதம் குறைந்திருந்தது. அதே தமிழகத்தில், 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், ஏர்வாடி தர்காவை அண்டித் தனியார் நடத்திய காப்பகமொன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் 28 பேர் மாண்டனர். இரண்டிடத்தும் தெய்வ நம்பிக்கையே மக்களைக் கொணர்ந்தது. ஓரிடத்தில் நோயாளியின் கைக்கு வேலை கிடைத்தது, மற்றோரிடத்தில் விலங்கு கிடைத்தது.

விலங்கு நம்பிக்கைக்கு மட்டும் உரியதன்று. அரசும் அதனைப் பூட்டியது. 1873ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் உளநோயாளரைப் பேணுவதினும் அடைத்து வைப்பதையே கருதி இயற்றப்பட்டது. அங்கொடை என்ற ஊர்ப்பெயர் மலைநாட்டிலும் வசைச்சொல்லாயிற்று. அங்கொடை வைத்தியசாலை 2008இல் தேசிய உளநல நிறுவகமாயிற்று. 2005இன் தேசிய உளநலக் கொள்கை சிகிச்சையை மாவட்டங்களுக்குப் பரவலாக்க முயன்றது. இம்மாற்றம் உண்மையில் பெரிது. பதுளை நோயாளி கொழும்பை நோக்கி அனுப்பப்பட்டு, வேற்று மொழி விடுதியில் வாய் பேசாது கிடந்து, அம்மௌனமும் நோய்க்குறியாகக் குறிக்கப்படும் இடர் இதனால் குறைகின்றது.

பண்பாட்டை அறியாமலே உயிர் காக்கும் வழிகளும் உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் 1,00,000 பேருக்கு 47 என்னுமளவில் உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாயிருந்தது. மிகு நச்சுப் பூச்சிகொல்லிகள் 1995இலும் என்டோசல்பான் 1998இலும் தடைசெய்யப்பட்ட பின்னர், 2005 அளவில் அது பாதியாயிற்று. பராகுவாட் முதலியன 2008 தொடங்கிப் படிப்படியாக விலக்கப்பட்டன. நஞ்சு கைக்கெட்டாமற் போயிற்று, அவ்வளவே. ஆயினும், அதே 1998இல் தற்கொலை முயற்சி குற்றமன்று எனச் சட்டம் திருத்தப்பட்டமையும் உடன் கருதத்தக்கது. உயிர் பிழைத்தவளைப் பொலிசு விசாரிப்பது நின்றது. அவளை வேறு யார், எதைப் பற்றி விசாரிப்பது என்பதைச் சட்டம் கூறவில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அத்தகைய அழிவின் பின் உறக்கமிழந்தோருக்கு உளநல உதவி வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. அந்நேரத்தில் தமிழ் அறிந்தோரைத் தேடுவதும் இயல்பாக நடைபெறுகின்றது. சரிவு மெல்ல நிகழும் வீடுகளுக்கே வருவோர் இல்லை. பசறைப் பெண் மறுமாதமும் கிளினிக்குக்குப் போக வேண்டுமாயின் ஒரு நாட்பேரை இழக்க வேண்டும். பேருந்துக் கட்டணம் வேறு. கணவனும் உடன் வந்தால் இரண்டு பேர். தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே மாதமொருமுறை அம்மருந்தைக் கொடுக்கவும், தமிழ் பேசும் தாதி ஒருத்தி கணவனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் கால்மணி நேரம் பேசவும் ஆகும் செலவு, அவ்விரண்டு பேரின் கூலியோடு ஒப்பிட்டுக் கணக்கிடத்தக்க சிறு தொகையே.