கூலியில் புகுந்த கலி

அன்புக்கொடி மக்களே, கொல்லம் 1008-ஆம் ஆண்டு மாசி மாதம் திருச்செந்தூரில் நடந்ததை நாம் எல்லோரும் ஏடு வாசிப்பில் கேட்டு வளர்ந்தவர்கள். கேட்கும்போது கடலையும் அதன் பிறகு வந்த மகிமையையும் நினைத்துக்கொள்கிறோம். அதற்கு முந்திய பகுதியை அவ்வளவாக நினைப்பதில்லை. முத்துக்குட்டி என்ற அந்தத் திருமேனி நோயில் விழுந்து, சொந்தக் காலில் நடக்க மாட்டாமல் கிடந்தது. தாயும் உறவினரும் தொட்டில் கட்டிச் சுமந்துதான் செந்தூருக்குக் கொண்டுபோனார்கள். நடக்க முடியாத ஒருவரைச் சுமந்த அந்த நடையில்தான் நம்முடைய வழியே தொடங்குகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை உச்சிப் பணிவிடைக்குப் பிறகு இதைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று நினைத்தேன். பேசுவதற்கு எனக்கு ஒரு கடனும் இருக்கிறது.

எனக்குச் சின்னதாக ஒரு கருப்பட்டிக் கடை உண்டு. அங்கே ஒருவர் காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு மணிவரை எடை போட்டுக் கட்டுகிறார். பனையேறியாக இருந்தவர். ஒரு நாள் பனையிலிருந்து விழுந்ததில் முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் புண் வைத்துவிடும். ஆகவே அரை நாள் வேலை.

கடையில் முழு நாள் கூலி 480 ரூபாய். அரை நாளுக்கு 240 ஆகிறது. நான் அவருக்குக் கொடுத்தது 180. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருமுறை பக்கத்துக் கடைக்காரர் கேட்டதற்கு, "அவருக்குத்தான் மாசாமாசம் பென்சன் வருதுல்லா" என்று சொன்னேன். அது நியாயமாகவே எனக்குப் பட்டது. இரண்டு வருடம் பட்டது.

கணக்கு எழுதும் என் மருமகள்தான் ஒரு நாள் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, "மாமா, அவருக்க பென்சன் நமக்குல்லா வருது?" என்றாள். எனக்குப் புரியவில்லை. ஒரு நாளைக்கு 60 ரூபாய் குறைவு. மாதம் 25 நாள் வேலை. பெருக்கினால் 1,500. அரசு அவருக்குக் கொடுக்கிற ஓய்வூதியமும் 1,500. ஒரு ரூபாய் கூடவில்லை, குறையவில்லை. அவர் பெயரில் வந்த பணம் அவர் கை வழியாக என் கல்லாப்பெட்டிக்கு வந்திருக்கிறது.

அந்த 1,500 எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்று அதற்குப் பிறகுதான் விசாரித்தேன். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மற்றவர்களுக்குக் கொடுக்கும் உதவியைவிட இவர்களுக்குக் குறைந்தது 25 விழுக்காடு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்கிறது. நம் மாநிலத்தில் 2023-இல் முதியோருக்கு 1,200 ஆனது. அந்த ஆண்டு ஜனவரியிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கு 1,500 ஆகியிருந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு நலத்துறை வழியாக 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகையும் தனியாக உண்டு. ஏன் கூட்டிக் கொடுக்க வேண்டும்? ஊனத்தோடு வாழ்வதற்கு ஊனமில்லாதவனைவிடச் செலவு அதிகம் என்பதால்தான். என் கடைக்கு வருகிறவரையே பாருங்கள். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் அவருக்கும் துணைக்கு வருகிறவருக்கும் டிக்கெட் வேண்டாம். ஆனால் அந்தப் பேருந்தின் படியில் அவர் எப்படி ஏறுவார்? மழை பெய்தால் மூன்று சக்கர வண்டி ஓடாது, ஆட்டோதான். சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டும், புண்ணுக்கு மருந்து வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு 50 ரூபாய் வீதம் வருகிற அந்தத் தொகை இதற்கே காணாது. அவர் செய்த வேலைக்குரிய கூலியில் அதைக் கழிக்க நான் யார்?

சட்டமும் இந்த விஷயத்தில் எப்போதும் நேராக நின்றதில்லை. 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டமே, ஊனமுற்ற தொழிலாளிக்கு அந்தக் கூலி பொருந்தாது என்று அரசு விலக்குக் கொடுக்க இடம் வைத்திருந்தது. அதே அரசுமுறைதான் 2012-இல், நூறு நாள் வேலைக்கு வரும் மாற்றுத்திறனாளிக்கு வேலையளவைக் குறைத்து, கூலியைக் குறைக்காமல் கொடு என்று தமிழ்நாட்டில் ஆணையும் போட்டது. சர்க்கார் கொடுக்கத் துணிந்ததை, தாங்கலில் தலைப்பாகை கட்டி நிற்கிற நான் கொடுக்கத் துணியவில்லை.

நம் முன்னோர்கள் ஊழியம் செய்தவர்கள். கூலி இல்லாமல் திருவிதாங்கூர் சர்க்காருக்கும் மேலே இருந்தவர்களுக்கும் உழைத்தவர்கள். பனைக்கு வரி, தலைக்கு வரி. அய்யா அதை எதிர்த்துச் சொன்னார். சிங்காரத்தோப்புச் சிறையும் கண்டார். தம்மைத் தேடி வந்தவர்களிடம் காணிக்கைகூட வேண்டாம் என்றவர் அவர். அந்தச் சரித்திரத்தை நான் மேடை மேடையாகப் பேசியிருக்கிறேன். பேசிவிட்டு வந்து மறுநாள் காலையில் ஒருவரிடம் 60 ரூபாய் அளவுக்கு ஊழியம் வாங்கியிருக்கிறேன். கலி என்றால் எங்கோ கொம்போடு நிற்கிற அரக்கன் என்று நினைக்காதீர்கள். என் கடையில் அவன் தராசுக்குப் பக்கத்தில், "அவருக்குத்தான் வருதுல்லா" என்ற ஒரு வார்த்தையில் உட்கார்ந்திருந்தான்.

பழைய பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வருடத்துக்கு 36,000 ரூபாய்; ஒரே தடவையில் முடியவில்லை, மூன்று தடவையாக. அவர் வாங்கிக்கொண்டார். "இதெ தர்மமாட்டு தந்தா வேண்டாம் அண்ணாச்சி, கூலியாட்டு தந்தா எடுத்துக்கிடுதேன்" என்றார். கூலிதான் என்றேன். எண்ணிப் பார்த்துத்தான் மடியில் வைத்தார். எண்ணியது எனக்கு நல்லதாகவே இருந்தது.

இங்கே கடை வைத்திருப்பவர்கள், முந்திரி ஆலையிலும் கயிற்றுச் சாலையிலும் மேற்பார்வை பார்ப்பவர்கள், தையல் வேலை கொடுப்பவர்கள் பலர் உண்டு. உங்கள் நோட்டையும் இன்று ராத்திரி ஒருமுறை விரித்துப் பாருங்கள். வேலைக்குப் போனால் பென்சன் நின்றுவிடும் என்று பயந்து வீட்டிலேயே இருப்பவர்களும் நம்மில் உண்டு. ஊர்ப் பேச்சை நம்பி முடிவெடுக்காமல், தாலுகா அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் நான் கூட வருகிறேன்.

வருகிற ஞாயிறு பணிவிடை முடிந்து, உம்பான் தர்மத்துக்குப் பிறகு, தாங்கலில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க என் மருமகளும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் இருப்பார்கள். ஆதார், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் கொண்டுவாருங்கள். எழுதுவதற்குப் பணம் கிடையாது. தாங்கல் வாசலில் இருக்கிற மூன்று படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் போடவும் பேசியிருக்கிறோம்; இத்தனை நாளும் அவர் வண்டியில் இருந்தபடி வெளியே நின்றுதான் கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறார். சிமென்ட் ஒருவர் தந்துவிட்டார். ஜல்லிக்கும் இரண்டு நாள் வேலைக்கும் ஆள் வேண்டும். வேலைக்கு வருகிற கொத்தனாருக்கு முழுக் கூலி உண்டு.

அய்யா உண்டு.